சொல்ல வேண்டாம் என்று சொன்ன செய்தி

அப்பா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. அதை எனக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகத்தான் அவருக்கே அது அறிவிக்கப்பட்டிருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் என்றால் நாங்கள் ஊரில் மனதுக்குள் கட்டிவைத்திருந்த கட்டடம் வேறு. இது பாதி மரவீடுகள், பாதி புல்வெளி, எல்லாம் முடிகிற இடத்தில் கடல். ஊரில் ஒரு தபால் கந்தோர், ஒரு சலவைக்கடை, சிங்க இறால் பிடிக்கும் படகுகள் கொஞ்சம். குளிர்காலத்தில் அங்கே மனிதர்களைவிடக் கடற்பறவைகள் அதிகம். அவையும் சந்தோசமாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளர். எனக்கு உதவிப்பணம் கிடைத்து நான் புறப்பட்டபோது, "கடற்கரையிலை பிறந்தவன் கடற்கரையிலை படிக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகவேணும்?" என்று தொழிற்சாலையில் கேட்டார்களாம். அந்தக் கடல் வேறை என்று அப்பா சொன்னாராம். அவர் சொன்னது சரிதான். அந்தக் கடலில் ஒருவரும் இறங்குவதில்லை. பார்ப்பதற்கு மட்டும் வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் ஒரு மேசைக்குள் அடங்குவோம். எங்களைக் கவனிப்பதற்கென்று ஒரு பெண்மணியை நியமித்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். எங்கள் எல்லோருடைய பெயரையும் சரியாக உச்சரிக்கவேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியதாகச் சொன்னார். அவருடைய அறைக்குப் போனால் முதல் கேள்வி, "நீ எப்படி உணர்கிறாய்?" என்பதுதான். இருபது வயதுவரை என்னிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் "சாப்பிட்டனியோ?" என்று கேட்பார்கள். அதற்குள் எல்லாம் அடக்கம். நான் ஒவ்வொரு முறையும் நன்றாக உணர்கிறேன் என்றே சொல்லிவந்தேன். அவர் அதை நம்பியதில்லை.

ஆண்டிறுதிச் சோதனைக்குச் சில நாட்களே இருந்தன. ஒரு மத்தியானம் அவர் என் விடுதி அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை. என்னை இருக்கச் சொன்னார், தானும் இருந்தார். பாரிசிலிருந்து ஒருவர், அங்கே இருக்கும் என் அண்ணா சார்பில் தொலைபேசி எடுத்ததாகச் சொன்னார். மிகவும் மரியாதையான மனிதராம், பிரெஞ்சு உச்சரிப்பாம், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தராம். என் அப்பா மாரடைப்பால் இறந்துவிட்டார் என்றும், அடக்கமும் முடிந்துவிட்டது என்றும், படிக்கிற பிள்ளை மனம் உடைந்துவிடுவான், ஆகவே எக்காரணம் கொண்டும் எனக்கு அதைத் தெரியவிடக்கூடாது என்றும் அவர் கேட்டுக்கொண்டாராம்.

"நான் நீண்ட நேரம் யோசித்தேன்," என்றார் பெண்மணி. "இதைத் தெரிந்துகொள்வது உன்னுடைய உரிமை."

அவர் நீண்ட நேரம் யோசிக்கவில்லை என்று பிறகு கணக்குப் பார்த்தேன். தொலைபேசியை வைத்ததும் நேரே என்னிடம்தான் வந்திருக்கிறார்.

எங்களுடைய ஆட்களுக்கு இது விளங்காது. ஒரு செய்தியை மறைக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் அதைச் சொல்லிவைப்பது எங்கள் வழக்கம். சொன்னால்தானே அவர்கள் மறைக்கலாம். படிக்கிற பிள்ளைக்குச் செத்தவீட்டுச் செய்தி சொல்வதில்லை, சோதனை முடியட்டும் என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கும். அப்படி மறைக்கப்பட்ட பெரியப்பாமார், மாமிமார் எங்கள் ஊரில் நிறையப் பேர். செத்துப்போய் ஒரு தவணை முழுக்க உயிரோடு இருந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் அண்ணா அமெரிக்காவுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்.

நான் அழுவதற்காக அந்தப் பெண்மணி காத்திருந்தார். ஒருவர் முன்னால் இருந்து காத்துக்கொண்டிருந்தால் அழுகை வராது. நன்றி சொல்லிக் கதவுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன். கைக்குட்டைப் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பல்கலைக்கழகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெயர் தெரியாத பிள்ளைகள் கூட வழியில் மறித்துக் கட்டிப்பிடித்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் தட்டு நிறைக்கிற கிழவர் என் தட்டில் இரண்டு துண்டு மீன் வைத்தார். பேராசிரியர்மார் சோதனையைப் பிறகு எழுதலாம் என்றார்கள். அண்ணா அவ்வளவு பாடுபட்டு மறைத்த சாவைக் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது, ஆனால் சித்தியடைந்துவிட்டேன்.

விடுமுறைக்கு அண்ணாவிடம் போவதற்கான பயணச்சீட்டு முன்பே வந்திருந்தது. எனக்கு ஒரே ஒரு காரியம்தான் வேண்டியிருந்தது. அப்பா எப்படிப் போனார், யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக ஏதும் சொன்னாரா என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டு அண்ணாவோடு சேர்ந்து அழவேண்டும். தனியாக அழுது பார்த்தேன், சரிவரவில்லை. உலகத்தில் எனக்கு இதைச் சொல்லக்கூடிய, நான் போய்ச் சேரக்கூடிய ஆள் அண்ணா ஒருவர்தான். ஊருக்கு அப்போது எங்கள் இருவராலும் போகமுடியாது. அவருக்கு அகதி விண்ணப்பம், எனக்குப் போனால் திரும்பிவர வழியில்லை.

பாரிசில் கார் து நோர் ரயில் ஸ்டேஷனில் அண்ணா நின்றார். தாடி வளர்ந்திருந்தது. நான் வாயைத் திறக்க முதல் அவர் முந்திக்கொண்டார்.

"மெலிஞ்சு போனாய். அங்கை சாப்பாடு சரியில்லையோ?" என்றார். பிறகு என் பெட்டியைப் பார்த்தபடி, "வீட்டிலை எல்லாரும் சுகம். அப்பாவும் நல்ல சுகம்," என்றார்.

அந்த நேரம் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்வதற்கு அவர் எவ்வளவு தூரம் தன்னைத் தயார்படுத்தியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "ஓம்," என்றேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். தாடி ஏன் என்று கேட்டேன். தோலில் ஏதோ ஒவ்வாமை, சவரம் செய்யவேண்டாமென்று டொக்டர் சொன்னார் என்றார்.

அண்ணாவின் அறை ரூ பஜோல் என்ற வீதியிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் ஐந்தாம் மாடி. யன்னலுக்குக் கீழே ரயில் தண்டவாளங்கள். ஆறுபேர் இருந்த அறையில் நான் ஏழாவது. எல்லோரும் ரெஸ்டோரண்டுகளில் கோப்பை கழுவுகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள். மூத்தவர் மன்னார் அண்ணை. மன்னாரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். அவர்தான் அறைக்கு அரசாங்கம். அண்ணாவோடு நான் உள்ளே போனபோது மற்ற ஐந்துபேரும் எழுந்து நின்றார்கள். ஒரு மாணவனுக்கு அவ்வளவு மரியாதை எந்த நாட்டிலும் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியின் மேலே உருகிய மெழுகு ஒட்டியிருந்தது. ஒருவர் அவசரமாக அதன்மேல் ஒரு துவாயைப் போட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். ஆறுபேர் சேர்ந்து மறைத்தால் அது எவ்வளவு நேர்த்தியாக நடக்கும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

"உம்மடை ஐயாவுக்கு முழங்கால் நோ எண்டு உம்மடை அண்ணை சொன்னவர். இப்ப எப்பிடியாம்?" என்று ஒருவர் தொடங்குவார்.

"அது இப்ப மாறிவிட்டுதாம். சைக்கிள் கூட ஓடுறாராம்," என்பார் மன்னார் அண்ணை, கறியைக் கிண்டிக்கொண்டு.

அண்ணா தலையைக் குனிந்து சாப்பிடுவார். ஆட்டிறைச்சிக் கறி மற்ற எல்லோருக்கும். அண்ணாவுக்கு மட்டும் பருப்பு. வயிறு சரியில்லையாம். தோலும் வயிறும் ஒரே நேரத்தில் பழுதாகிவிட்டன.

நாள் போகப் போக அப்பாவின் சுகம் கூடிக்கொண்டே வந்தது. சுருட்டை விட்டுவிட்டார். வேலிப் பிரச்சினையில் பக்கத்து வீட்டுக்காரரை மடக்கிவிட்டார். ஒரு ஆடு வாங்கினார். அது இரண்டு குட்டி போட்டது. உயிரோடு இருந்த காலத்தில் அப்பா இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததை நான் கண்டதில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறந்ததே இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை. குட்டிகளுக்கு என்ன பெயர் வைத்தார் என்று கேட்டேன். எல்லோரும் மன்னார் அண்ணையைப் பார்த்தார்கள். அவர், "ஐயா இன்னும் யோசிக்கிறாராம்," என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு கணம் அப்பா உண்மையாகவே ஊரில் இருந்து ஆட்டுக்குட்டிக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. படிக்கட்டில் இருந்த கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். யாரோ தட்டும்வரை நின்றேன்.

வெளியிலும் இதே கதைதான். அண்ணாவின் அறை இருந்த லா ஷப்பேல் வட்டாரத்தில் அப்போது எங்கள் கடைகள் அங்கொன்று இங்கொன்று. கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "இவர்தானே அந்த அமெரிக்காத் தம்பி?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்கும், மற்றது "ஸ்ஸ்" என்னும். கடைக்காரர் கேளாமலே ஒரு பக்கெட் முறுக்கைப் பையில் போட்டுவிடுவார். எனக்குத் தெரியாமல் இருப்பதற்காக ஒரு வட்டாரமே கஷ்டப்பட்டது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்கிறார்கள். இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் தெரு முனைக் கஃபேயில் தினமும் இருப்பார். பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், எப்போதும் கோட்டு. அண்ணாவின் கடதாசி வேலைகளெல்லாம் அவர்தான் பார்ப்பது. அவரைக் கண்டதுமே தொலைபேசி எடுத்தவர் இவர்தான் என்று தெரிந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் இருத்திக் கோப்பி வாங்கித் தந்தார்.

"தம்பி, யூனிவெர்சித்தேல எல்லாம் நல்லா பாத்துக்கிறாங்களா?" என்றார்.

"ஓம், நல்லாப் பாக்கினம்."

"அங்க இருக்கிற மதாம்கள் எல்லாம் பொறுப்பானவங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு விஷயத்தைச் சொன்னா சொன்னபடி இருப்பாங்களாமே."

"ஓம்," என்றேன். "மிகவும் பொறுப்பானவை."

அவர் திருப்தியோடு சீனியைக் கலக்கினார்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அண்ணா வேலைக்குப் போவார், வருவார், பருப்புச் சாப்பிடுவார், படுப்பார். ஒருநாள் அவரைத் தனியே பிடித்துவிட எண்ணி வேலை முடிகிற இடத்தில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உடனே எச்சரிக்கையானது. வழி முழுக்க அமெரிக்கா பற்றியே கேட்டார். அந்தக் கடல் எப்படி, பனி எப்படி, பட்டத்துக்கு இன்னும் எத்தனை வருசம். இன்னும் இரண்டு என்றேன். "இரண்டு வருசம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பாவை இன்னும் இரண்டு வருசத்துக்கு உயிரோடு வைத்திருக்க அவர் தீர்மானித்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அண்ணாவில் உள்ள அன்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன.

கத்தோலிக்கரான எங்களுக்குள் முப்பத்தோராம் நாளில் பூசை வைத்து ஆட்களுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும். அப்பா இறந்த திகதி எனக்குச் சரியாகத் தெரியாது. அமெரிக்கப் பெண்மணி அதைக் கேட்டுவைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அறையில் ஆறு சட்டைகள் அயர்ன் பண்ணித் தொங்கின. எந்த ரெஸ்டோரண்டிலிருந்தோ ஒரு அண்டா வந்து சேர்ந்தது. யாருக்கோ பிறந்தநாள் என்றார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிபோல அண்ணா என்னைப் பாரிசுக்கு வெளியே ஸ்தேன் என்ற ஊருக்கு அனுப்பினார். அங்கே எங்களூர் அக்கா ஒருவர் குடும்பமாக இருந்தார். "அக்கா உன்னைப் பாக்கவேணுமாம். ஆறுதலா இருந்து, சாப்பிட்டிட்டு வா. அவசரப்படாதை," என்றார். மெத்ரோ, பிறகு பஸ் எல்லாவற்றையும் விளக்கினார். விளக்கும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

போனேன். அக்கா வீட்டில் மணியை அடித்தேன், அடித்தேன், ஒருவரும் இல்லை. எதிர்க்கதவு திறந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். பாண்டிச்சேரிப் பேச்சு.

"அவங்க இல்லீங்க தம்பி. காலையிலேயே லா ஷப்பேலுக்குப் போயிட்டாங்க. அங்க ஆறு மணிக்குப் பூசை. சமையல் வேற இருக்குதாம்."

"ஆருக்குப் பூசை?"

"யாரோ ஒரு பிள்ளையோட அப்பாவுக்காம். பாவம், சின்னது அமெரிக்காவுல படிக்குதாம். அதுக்கு விஷயமே தெரியாதாம். தெரியக்கூடாதுன்னு எல்லாரும் அவ்வளவு பாடுபடுறாங்க."

"அப்பிடியோ," என்றேன்.

"உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

"அப்ப நீங்களும் போங்களேன். கோவில் மெத்ரோவுக்குப் பக்கத்துலதான். ஆனா அந்தப் பிள்ளையைப் பாத்தா மட்டும் வாயை விட்டுடாதீங்க."

"விடமாட்டன்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிழை எங்கே நடந்தது என்று பஸ்ஸில் யோசித்தேன். என்னைப் பிடித்துவைக்க அண்ணா தெரிந்தெடுத்த அக்காவும் செத்தவர் வீட்டுக்குச் செய்யவேண்டிய கடமை தெரிந்தவர். பூசைக்கு வராமல் இருப்பாரா? என்னைக் காவல்காக்க ஊரில் ஒருவரும் மிச்சமிருக்கவில்லை. எல்லோரும் என் அப்பாவுக்காகப் போயிருந்தார்கள்.

கோவிலுக்குள் நான் நுழைந்தபோது பூசை தொடங்கிவிட்டது. கடைசி வாங்கில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். முன்னால் ஒரு மேசையில் அப்பாவின் படம். ஐஸ் தொழிற்சாலையில் யாரோ பிரியாவிடைக்கு எடுத்த படத்தில் அப்பாவை மட்டும் வெட்டிப் பெருப்பித்திருந்தார்கள். அவருடைய தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் அப்பாவின் பெயரைச் சொல்ல மூன்று தரம் முயன்று, பிறகு 'எங்கள் சகோதரர்' என்று முடித்துக்கொண்டார். பிறகு மன்னார் அண்ணை அயர்ன் பண்ணிய சட்டையோடு முன்னால் வந்து தமிழில் மன்றாட்டுகளை வாசித்தார். இறந்தவருடைய ஆன்மாவுக்காக. துணைவியாருக்காக. இங்கே தனித்து நிற்கும் மூத்த மகனுக்காக.

"தகப்பனாரின் மறைவை அறியாமல் அமெரிக்காவிலே கல்வி கற்கும் இளைய மகனுக்காக. அவருக்கு இந்தச் செய்தி தெரியவராமல், அவருடைய படிப்பு நல்லபடி நிறைவேறவேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள் எல்லோரும். பழக்கதோசத்தில் நானும் சொன்னேன். சிறுவயதில் பீடத்தில் உதவி செய்தவன், எனக்குக் குரல் கொஞ்சம் கூட.

முன்வாங்கில் அண்ணா திரும்பினார். நேரே என்னைப் பார்த்தார். மன்னார் அண்ணையும் பார்த்தார், கையிலிருந்த கடதாசியையும் பார்த்தார், பிறகு அடுத்த மன்றாட்டை விட்டுவிட்டுப் போய் இருந்துவிட்டார். அண்ணா மறுபடி பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பூசை முடியும்வரை அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து எல்லோரும் சாப்பாடு வைத்திருந்த பக்க மண்டபத்துக்குப் போனார்கள். என்னைக் கடந்து போகிறவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாண்டிச்சேரிக்காரர் மட்டும் நின்றார்.

"ஆர் சொன்னது?" என்று அண்ணா என்னைக் கேட்டார்.

"அந்த மதாம். சோதினைக்கு முதலே."

"நான் ரெண்டு தடவை சொன்னேன்ப்பா, சொல்லாதீங்கன்னு," என்றார் பாண்டிச்சேரிக்காரர்.

"ஓம். அதையும் சொன்னவ."

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். அண்ணாவும் நானும் கோவில் படியில் இருந்தோம். கோடைகால வெயில் இன்னும் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது.

"சோதினை?" என்றார்.

"பாஸ்."

தலையை ஆட்டினார். இத்தனை நாளும் நான் மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். "அண்ணா, அப்பா எப்பிடிப் போனவர்? ஆர் பக்கத்திலை இருந்தது? கடைசியா ஏதும் சொன்னவரோ?"

அண்ணா என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாதடா," என்றார். "எனக்கும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சொன்னவை. அந்த நேரம் என்னை அகதி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தது. அது முடியுமட்டும் சொல்லவேண்டாம் எண்டு அம்மா மன்னார் அண்ணைக்கு அறிவிச்சிருக்கிறா. அறையிலை எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தாய் தகப்பன் இருக்கினமோ எண்டு விசாரணையிலை கேட்டவை. ரெண்டுபேரும் சுகமா இருக்கினம் எண்டு சொன்னனான். அப்ப அப்பாவை மண்ணிலை தாட்டு ஒரு கிழமை."

அறையில் அவ்வளவு நேர்த்தியாக நடித்தவர்களுக்கு ஏற்கனவே ஒருமுறை பழக்கமிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா என்ன எழுதினவ?"

"நித்திரையிலை போனவராம். ஒரு கஷ்டமும் இல்லையாம்."

"உண்மையோ?"

"அவ எங்கடை அம்மாவெல்லோ," என்றார் அண்ணா. "எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதைச் சொல்லும்போதே அவருக்கு வாய் கோணிவிட்டது. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சாப்பிடக் கூப்பிட வந்த மன்னார் அண்ணை கதவடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். அப்பாவின் கடைசி நேரத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்வதற்கு எங்கள் இருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.